ஆணியில் தொங்கிய நல்ல ஜோடி

போன வாரம் மாமா மகள் எனக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். சந்தாபுரா தாண்டி எங்கோ ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். இனிமேல் சொந்தமாக அங்கவடி வாங்கிக்கொள்ளலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். குதிரைமேல் உட்காருகிறவர் காலை நுழைத்துக்கொள்ளும் இரும்பு வளையம்தான் அங்கவடி. படங்களுக்குக் கீழே, "எது வாங்கறது அக்கா? அப்பா உன்னைத்தான் கேக்கச் சொன்னாரு" என்று எழுதியிருந்தாள்.

குதிரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஜோகுபாளையத்தில் அப்பாவின் டூவீலர் மெக்கானிக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏழு நிமிட நீளத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஷூ போட்ட காலை உள்ளே விட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் இடம் இருக்க வேண்டும், பாதம் படுகிற இடம் வழுக்கக் கூடாது, ரொம்ப லேசாக இருக்கக் கூடாது, ஹீல் இல்லாத செருப்போடு ஏறவே கூடாது என்று எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு எதையோ விட்டுவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னொரு நான்கு நிமிடம் அனுப்பினேன்.

இரண்டாவது படத்தை அதற்குப் பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அங்கவடியின் ஒரு பக்கம் இரும்பு. வெளிப்பக்கம் இரும்புக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் பட்டை. ஆள் விழுந்தால் பட்டை கழன்று காலை விட்டுவிடும். வெளிநாட்டுச் சரக்கு, பாதுகாப்பானது என்று ஏதேதோ எழுதியிருந்தார்கள். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி நான் தனியாகச் சிரித்தேன். எங்கள் அப்பா அதைப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செய்தவர். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. என்ஜினியரிங் படிக்க ஆம்பூரிலிருந்து வந்து, நான்கு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பா. முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது தன் நல்ல சட்டையைக் கொடுத்தது அப்பா. மாமாவும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினால் எந்த மாமா யாருக்கு என்று எனக்குக் குழம்பும். அவ்வளவு ஒட்டுதல்.

அந்த ஒட்டுதலில்தான் அப்பா ஒரு காரியம் செய்தார். மாமாவை ஒரு வார்த்தை கேட்காமலே, தன் அக்கா மகளை அவருக்குக் கட்டி வைப்பதாக ஒரு காதுகுத்து வீட்டில் எல்லோர் முன்னிலும் வாக்குக் கொடுத்துவிட்டார். மாமாவோ தன் ஆபீஸில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ராஜஸ்தானிலிருந்து வந்து சிக்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். அப்பாவுக்கு ஊர் முன்னால் தலை இறக்கம். நீ யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய் என்று மாமா கேட்டுவிட்டதாகவும், நான்கு வருடம் சோறு போட்டவனைக் கேட்கிற கேள்வியா இது என்று அப்பா கேட்டதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒயிட்ஃபீல்டு பக்கம் ரூமுக்குப் போய்விட்டார் என்பதுதான். ஒரு வருடத்துக்கு மேல் இருவரும் பேசவில்லை. அந்த அக்கா மகளுக்கு ஓசூரில் நல்ல இடத்தில் கல்யாணமாகி, மாமாவே போய் மொய் எழுதிவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் பேசவில்லை. மாமா அம்மாவைப் பார்க்க வரும்போது அப்பா இருந்தால் என்னைத்தான் நடுவில் வைத்துக்கொள்வார்கள். "சாப்ட்டுட்டுப் போகச் சொல்லு" என்பார் அப்பா. மாமா இரண்டு அடி தள்ளித்தான் நிற்பார். நான் போய்ச் சொல்வேன். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பார் மாமா. திரும்பி வந்து சொல்வேன். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்று ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போவேன்.

கல்யாணத் தேதி குறித்தார்கள். எல்லோரும் போய்வாருங்கள், எனக்குக் கடை இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா சமையலறையில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

இதற்கு நடுவில்தான் குதிரை வந்தது. பெண் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளை குதிரைமேல் ஏறித்தான் மண்டபத்துக்கு வர வேண்டுமாம். அவர் முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்றும் உட்கார வேண்டுமாம். அவர்களில் பையனைத்தான் உட்கார வைப்பார்கள். எங்கள் பக்கம் இருந்த ஒரே குழந்தை நான். பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, அழகாகத்தான் இருக்கும் என்று பெண்ணின் அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் என்பது பிறவியிலேயே வந்த குணம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடிவந்து பார்க்கிற பிள்ளை நான். பேண்டு சத்தத்தில் குதிரை மிரண்டால்? மிரண்டு அல்சூர் ஏரிப் பக்கம் ஓடினால்? ஏரிக்குள் இறங்கினால்? மாமாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. குதிரைக்குத் தெரியுமா என்று யாரைக் கேட்பது? மாமாவைக் கேட்டேன். அவர் என் பயத்தைப் போக்குகிறேன் என்று ஒரு சனிக்கிழமை என்னைக் குதிரையிடமே கூட்டிப்போனார்.

டேனரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கல்யாணக் குதிரைகள் வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். மெலிந்த, பொறுமையான மனிதர். வெள்ளைக் குதிரைக்குச் சாந்தினி என்று பெயர். என்னைத் தூக்கி அதன்மேல் வைத்து, கழுத்தைத் தடவச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. நான் உடனே கால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். மற்றவர்கள் என்றால் சிரிப்பார்கள். பாய் சிரிக்கவில்லை. "அச்சா கேள்வி பாப்பா. விழறது பெருசில்ல. மாட்டறதுதான் பெருசு" என்றார்.

பிறகு எனக்குப் பாடமே நடத்தினார். அங்கவடிக்கு அவர் சொன்ன பேர் ரிகாப். சுவரில் ஓர் ஆணியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வந்தார். அகலமான ஸ்டீல் வளையம், கனமானது, பாதம் வைக்கிற இடத்தில் வரி வரியாக ரப்பர். மாமாவின் காலை அதில் விடச்சொல்லி, இரண்டு பக்கமும் தன் விரலை நுழைத்துக் காட்டினார். இதைவிடக் குறைந்தால் கால் சிக்கும், கூடினால் பாதம் முழுக்க உள்ளே போய்விடும், லேசாக இருந்தால் கால் நழுவும்போது கூடவே வரும், கனமாக இருந்தால் தானே தொங்கிக் காலை விட்டுவிடும் என்றார். அங்கவடி தொங்குகிற தோல் வாரின் நீளத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். கையை நீட்டி விரல் நுனியைச் சேணத்தில் வைத்தால் வளையம் அக்குளில் வந்து முட்ட வேண்டும். மாமாவுக்கு எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தது. குதிரைமேல் ஏறிச் சந்துக்குள் ஒரு சுற்று வந்தார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது.

இறங்கி வந்த மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடியில், தூசி படிந்து, இன்னொரு ஜோடி மாட்டியிருந்தது. குறுகலாக, பூவேலை செய்து, அடியில் சின்னச் சின்ன மணிகள் தொங்கிக்கொண்டு. அது என்ன என்றார். அது சும்மா ஷோவுக்கு, போட்டோ பிடிக்கும்போது மாட்டுவது, காலே நுழையாது என்றார் பாய். மாமா அதை எடுத்து ஊதித் தூசியைத் தட்டினார். காலை விட்டுப் பார்த்தார். பாதி போய் நின்றது. அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"எனக்கு இதுதான் வேணும்" என்றார்.

பாய்க்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பாயை ஓரமாகக் கூட்டிப்போய் மாமா காதில் என்னவோ சொன்னார். பாய் முதலில் நெற்றியைச் சுருக்கினார், பிறகு தோளைக் குலுக்கிச் சிரித்தார், அது பழைய இரும்பு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் சாப் என்று செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். நான் மட்டும் வழி முழுக்க அழாத குறையாக அந்த நல்ல ஜோடியே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் தெருமுனையில் மாமா பைக்கை நிறுத்தி, என் உயரத்துக்குக் குனிந்தார்.

"அங்க நல்ல ஜோடி இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடாதடா செல்லம். யார்கிட்டயும் சொல்லாத."

சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிட வருகிற நேரம் பார்த்து மாமா அந்தப் பொட்டலத்தை ஹால் நடுவில் பிரித்து வைத்தார். அப்பா உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே. பிறகு சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் புலம்ப ஆரம்பித்தார். குதிரைக்காரர் இதைத்தான் கொடுத்தார், வேறு கிடையாதாம், கால் நுழையவில்லை, வழுக்குகிறது, பெண் வீட்டார் கொடுத்த ஜூத்திச் செருப்பு வேறு முனை சுருண்டு, ஹீல் இல்லாமல் இருக்கிறது, என்ன ஆகுமோ தெரியவில்லை, குழந்தை வேறு முன்னால் உட்காரப் போகிறது. வேறு கிடையாது என்றது பச்சைப் பொய். நான் தூணாட்டம் நின்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பொருந்தாத ஒரு சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அப்பாவால் முடியாது. பக்கத்து வீட்டுக் கதவு கீச்சிட்டால்கூட எண்ணெய் டப்பாவோடு போய் நிற்பவர். மாமா போனதும் கையைக் கழுவாமலே இடது கையால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இது ஃபுட்ரெஸ்ட்டா? எந்த முட்டாள் செஞ்சான்" என்றார். சாயங்காலம் கடைக்குப் போகும்போது பொட்டலம் அவர் ஸ்கூட்டரில் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது, நடுவில் பயமும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போவேன். பக்கத்து லேத் பட்டறையில் வளையத்தின் அடிப்பாகத்தை அறுத்து, கனமான தகடு வைத்து வெல்டிங் செய்து அகலப்படுத்தினார்கள். ஒரு பழைய பைக்கின் ஃபுட்ரெஸ்ட் ரப்பரை உரித்து அதன்மேல் ஏற்றினார் அப்பா. மாமாவின் கால் அளவு தேவைப்பட்டது. அளவெடுக்க மாமாவே வந்து நின்றார். அப்பா செய்தித்தாளை விரித்து, பென்சிலை என்னிடம் கொடுத்து, "காலை நேரா வைக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். "வெச்சாச்சுன்னு சொல்லு" என்றார் மாமா. நான் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். மாமாவுக்குக் கூச்சமெடுத்துச் சிரித்துவிட்டார். அப்பா அவசரமாக ஸ்பேனர் தேடுகிறவர்போலத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு மட்டும் ஆடியது.

இன்னொரு அதிசயமும் நடந்தது. என் பயங்களை ஒருவர் உட்கார்ந்து கேட்டார். வழக்கமாக நான் வாயைத் திறந்தால், ஆரம்பித்துவிட்டாயா என்பார்கள். அந்த வாரம் அப்பா ஒவ்வொரு நாளும் கேட்டார்: "வேற என்ன பயம், சொல்லு." வழுக்கினால் என்றேன். வரி போட்ட ரப்பர் வந்தது. பாதம் முழுசாக உள்ளே போய்விட்டால் என்றேன். முன்பக்கம் குறுக்கே தோல் வார் ஒன்று வந்தது. அப்படியும் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டே போனால் என்றேன். அப்பா வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் நான் போனபோது வளையத்தின் வெளிப்பக்கக் கம்பியே இல்லை. அந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி, மேலே ஒரு கொக்கியிலும் கீழே ஒரு கொக்கியிலும் மாட்டியிருந்தார். தன் கையை உள்ளே விட்டு வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். டப் என்று டியூப் கழன்று கை வெளியே வந்தது. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அன்று சாயங்காலம் முப்பது தடவையாவது இழுத்திருப்பேன்.

வளையத்தை வாரில் மாட்டுகிற மேல் துளை சரியாக இருக்குமா என்று சந்தேகம் வந்தது. புதன்கிழமை அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாயிடம் போனார். நல்ல ஜோடி சுவரில் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை மறைக்கிற மாதிரி போய் நின்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வளவு சுவரை மறைக்க முடியும்? அப்பா என் தலைக்குமேல் கையை நீட்டி அதை எடுத்தார். கனம் பார்த்தார். ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே விரல் விட்டு அகலம் பார்த்தார். இது யாருக்காவது எடுத்து வைத்ததா என்று பாயைக் கேட்டார்.

"அதா? முதல்ல அதைத்தானே காட்டினேன். உங்க மச்சான்தான் வேணாம்னுட்டாரு" என்றார் பாய்.

அப்பா கையிலிருந்த ஜோடியையே பார்த்தார். இப்போது கோபம் வரப்போகிறது, எனக்கும் அடி விழப்போகிறது என்று நினைத்தேன். மனசின் இன்னொரு மூலையில், அப்பாடா, நல்லதாகப் போயிற்று, இதையே மாட்டிவிடுவார்கள், நான் பிழைத்தேன் என்றும் இருந்தது. அப்பா வேட்டி நுனியால் அந்த ஜோடியைத் துடைத்தார். மெதுவாகத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, வாரின் அகலத்தைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி குடித்ததும் சொன்னார்: "அங்க இன்னொரு ஜோடி இருக்கறதை நான் பாத்தேன்னு உங்க மாமன்கிட்ட சொல்லாத. வீட்ல யார்கிட்டயும் சொல்லாத." அவரும் சத்தியம் வாங்கினார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு சத்தியம். அப்பாவிடம் சொல்லாதே என்று மாமா. மாமாவிடம் சொல்லாதே என்று அப்பா. உயிர் காக்கிற நல்ல ஜோடி ஒன்று டேனரி ரோட்டில் தொங்குகிறது, இங்கே இரண்டு பெரியவர்கள் சைக்கிள் டியூபோடு மல்லுக்கட்டுகிறார்கள், இரண்டு பக்கத்து உண்மையும் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா, ஒன்று சொல்லட்டுமா என்று ஆரம்பித்தேன். எதுவாக இருந்தாலும் கல்யாணம் முடிந்து சொல், எனக்கு இருக்கிற வேலையில் என்று திட்டி அனுப்பிவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை அப்பா சொன்னபடியே கடையைத் திறந்தார். நாங்கள் மண்டபத்துக்குக் கிளம்பினோம். அம்மா வாசலில் நின்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்பா யாரோ ஒருவருடைய கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னாலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டும். மண்டபம் அரை கிலோமீட்டர் தூரம். எங்கள் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் ரோஸ் நிறத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். ஆம்பூர்ச் சித்தப்பா ஒருவர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தார். மாமா மினுமினுப்பான நீளச் சட்டையில், சுருண்ட ஜூத்தியில், முகத்தின் முன்னால் பூச்சரம் தொங்க நின்றார். அந்தச் சரத்தை விலக்கி விலக்கித் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அங்கவடிகள் முந்தின நாளே கடைப் பையனிடம் கொடுத்தனுப்பப்பட்டுச் சாந்தினியின் இரண்டு பக்கமும் தொங்கின. மணிகளை மட்டும் அப்பா கழற்றவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல், நேராகக் குதிரையிடம் வந்தார். வெயிட் ஏறினால் நட்டு லூசாகிவிடும், ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னார். கையில் ஸ்பேனர் இருந்தது. இடுப்பில், பீரோவின் அடியில் மடித்து வைத்திருந்த பட்டுக்கரை வேட்டி இருந்தது. நட்டு முடுக்கப் பட்டுக்கரை வேட்டி எதற்கு, கறை பட்டால் அம்மா திட்டுவாளே என்று எனக்கு அந்தக் கவலை வேறு.

மாமா ஏறினார். என்னைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். நான் பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். அப்போது அம்மா ஒரு பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்தாள். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைப்போமே, அதே மாதிரி சாந்தினியின் நான்கு குளம்புக்கும் முன்னால் வைத்தாள். பாய் பதறி, "அக்கா, இது வண்டி இல்ல" என்றார். "மேல ஏறிப் போறதெல்லாம் வண்டிதான்" என்றாள் அம்மா. பெண் வீட்டார், இது தமிழர்களின் சடங்கு போலிருக்கிறது என்று மரியாதையாகக் கைகட்டி நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியவர் தன் செருப்பையே கழற்றிவிட்டார்.

சாந்தினி குனிந்து ஒரு பழத்தை முகர்ந்து பார்த்தது. கடித்தது. பிறகு தலையை மேலே தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு, பல் அத்தனையும் தெரிய வானத்தைப் பார்த்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் புறப்படச் சொல்கிற சைகை என்று நினைத்துப் பேண்டுக்காரர்கள் டமாரென்று ஆரம்பித்தார்கள். குதிரை காலை எடுத்து வைத்தது. குளம்புக்கு அடியில் பழம் உருண்டது. சாந்தினி ஒரு துள்ளுத் துள்ளிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

மாமா இடது பக்கமாகச் சரிந்ததை என் முதுகில் உணர்ந்தேன். டப் என்று சத்தம் கேட்டது. முப்பது தடவை கேட்ட அதே சத்தம். டியூப் கழன்று மாமாவின் கால் வெளியே வந்தது. அந்தப் பக்கம் அப்பா நின்றார். ஸ்பேனரைப் போட்டுவிட்டு மாமாவின் இடுப்பைத் தோளால் முட்டுக்கொடுத்து, அப்படியே மேலே தள்ளினார்.

"புடிச்சுக்கிட்டேன் மச்சான். பயப்படாத."

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து. மாமா பூச்சரத்துக்கு உள்ளே என்னவோ சொன்னார். எனக்கு 'மாமா' என்பது மட்டும்தான் கேட்டது. பாய் சாந்தினியின் முகத்தைப் பிடித்து அமைதிப்படுத்தினார். பேண்டு நின்றது. அம்மா கீழே உட்கார்ந்து அவசர அவசரமாக எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கினாள்.

பாய் ஒரு கோணிப்பையோடு ஓடிவந்தார். பையிலிருந்து எடுத்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினார். பளபளவென்று, ஆணியில் தொங்கிய அந்த நல்ல ஜோடி.

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன். ரெண்டே நிமிஷம், இதையே மாட்டிடறேன்" என்றார்.

"வேணாம்" என்றார் அப்பா. "வேணாம்" என்றார் மாமா. ஒரே நேரத்தில்.

அதன்பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது என்ன ஜோடி என்று அப்பா கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. மாமா கையால் பூச்சரத்தை முழுசாக விலக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு, சொல்லிவைத்தாற்போல, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லல" என்றேன். அழுகை வந்துவிட்டது. "சத்தியமா சொல்லல. ரெண்டு பேர்கிட்டயும் நான் சொல்லவே இல்ல."

அப்பாதான் முதலில் ஆரம்பித்தார். பட்டுக்கரை வேட்டியோடு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமா குதிரைமேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் நான் ஆடினேன், சாந்தினி ஆடியது, மணிகள் குலுங்கின. பாயும் சிரித்தார். என்ன, என்ன என்று அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாமலே பெண் வீட்டாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அப்பா எழுந்து, வேட்டியைத் தட்டி, டியூபைக் கொக்கியில் மறுபடி மாட்டினார். மாமாவின் பாதத்தை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் தன் விரலை விட்டுப் பார்த்தார். யாரோ அவர் தலையிலும் ஒரு ரோஸ் தலைப்பாகையைக் கவிழ்த்தார்கள். பேண்டு மறுபடி கிளம்பியது. மண்டபம் வரைக்கும் அப்பா ஒரு கையால் அந்த அங்கவடியைப் பிடித்தபடியே நடந்து வந்தார். குதிரையைப் பிடிக்கப் பாய் இருந்தார், அவர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கடையை அடைத்தாரா என்று அம்மா கேட்டதற்கு, அங்கவடியைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து அவருடைய தலைப்பாகையைப் பார்த்தேன். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மேலும் கோபம் கோபமாக வந்தது. அவ்வளவு நல்ல ஜோடியை மறுபடி கோணிப்பைக்குள் போட வைத்துவிட்டார்களே. படித்து என்ஜினியராகி ஒருவர், இருபது வருடம் மெக்கானிக்காக இருந்து ஒருவர், இருந்தும் காலுக்கு வாகான ஓர் அங்கவடியைப் பார்த்து எடுக்க இரண்டு பேருக்குமே தெரியவில்லையே என்று, மண்டபம் வருகிற வரைக்கும் அவர்களை நினைத்து ரொம்பவும் கவலைப்பட்டுக்கொண்டே போனேன்.